சென்னை – மதுரை: விமானமா, ரயிலா, பஸ்ஸா, காரா?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் தலை சுற்றும். ஒரு தளம் அரை மணி நேரம் என்கிறது. விமான நிறுவனத்தின் அட்டவணை ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. போய்வந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் "அரை நாள் போச்சு சார்" என்கிறார். மூன்றும் சரிதான். எங்கே தொடங்கி எங்கே முடித்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

மதுரைப் பக்கம் சொந்த ஊராக இருந்து சென்னையில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போயாக வேண்டும். பிளைட்டுக்குக் கொடுக்கிற காசுக்கு நேரம் மிச்சமாகிறதா? நானும் மதுரைக்காரன்தான். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தனியாகப் போகிறவருக்கு, பெர்த் கிடைக்கிற பட்சத்தில், இரவு ரயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பெர்த் எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. எல்லோரும் தனியாகப் போவதுமில்லை. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

## முதலில் தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 415 கி.மீ. சாலை வழியே சுமார் 460. எழும்பூரிலிருந்து ரயில் பாதை ஏறக்குறைய 490.

வரைபடத்தில் மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் ஒரு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுப்புரத்தையும் திருச்சியையும் உரசிக்கொண்டு போகும். நெடுஞ்சாலை போவதும் அதே ஊர்கள் வழியாகத்தான். மலையைச் சுற்ற வேண்டியதில்லை, கடலோரமாக வளைய வேண்டியதில்லை. அதனால் பறந்து போனாலும் தூரத்தில் பெரிதாக எதுவும் மிச்சமாவதில்லை. சாலையோடு ஒப்பிட்டால் 45 கி.மீ. குறைவு, அவ்வளவுதான். ரயில் பாதைதான் கொஞ்சம் சுற்று. திருச்சியிலிருந்து பஸ் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று நேராக மதுரைக்கு இறங்கிவிடும். ரயில் மணப்பாறை, திண்டுக்கல், கொடைரோடு என்று மேற்கே ஒரு வளையம் போட்டு வரும்.

அடுத்து அந்த அரை மணி நேரக் கதை. 415 கி.மீ.யை ஜெட் விமானத்தின் வேகமான 830-ஆல் வகுத்தால் 30 நிமிடம் வருகிறது. இணையத்தில் தூரம் சொல்லும் தளங்கள் பெரும்பாலும் செய்வது இந்த வகுத்தலைத்தான். ஆனால் இந்தத் தடத்தில் அதிகம் பறப்பது ஏடிஆர் 72 என்கிற, காற்றாடி சுழலும் சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு. அந்த வேகத்தையும் மேலேறி முடித்த பிறகுதான் எட்டும். இறங்கும்போது குறைத்துக்கொண்டே வரும். ஆக, வானத்தில் மட்டுமே ஒரு மணி நேரம் ஆகிவிடும். சென்னையில் ஓடுபாதை காலியாகும்வரை வரிசையில் நிற்பது, மதுரையில் இறங்கி நிறுத்துமிடம் வரை ஊர்ந்து போவது எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணையில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று போடுகிறார்கள். ஜெட் விமானம் கிடைத்தால் இதில் ஒரு பதினைந்து நிமிடம் குறையலாம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகிற வழியில் ஒரு சிக்னல் ஜாமில் அந்தப் பதினைந்து நிமிடம் போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

டிக்கெட் விலையையும் பயண நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது வேறு சில.

முதலாவது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையான நேரம். இரண்டாவது, அதில் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட மேலாக வைப்பேன். தூக்கத்தில் கழிகிற ஆறு மணி நேரமும், நாற்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்து கழிகிற ஆறு மணி நேரமும் ஒன்றாகாது. மூன்றாவது, எத்தனை பேர் போகிறீர்கள் என்பதைப் பொறுத்த மொத்தச் செலவு, ஆட்டோ, டாக்ஸி, வழிச் சாப்பாடு உட்பட. நான்காவது, எவ்வளவு கடைசி நேரத்தில் முடிவெடுக்கலாம், மாற்றலாம். ஐந்தாவது, கூட வருகிற மூட்டை முடிச்சும் வயதானவர்களும்.

## விமானம்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு பெரம்பூரில். மதுரையில் போக வேண்டியது கே.கே.நகர். விமானம் காலை 10 மணிக்கு. பெட்டியை ஒப்படைப்பதென்றால் கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வாசலில் ஒரு வரிசை. எனவே 8.15-க்கு அங்கே நிற்பதற்காக 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள். 11.20-க்கு இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர 11.45. மதுரை விமான நிலையம் அவனியாபுரத்துக்கும் அப்பால், ஊருக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளி இருக்கிறது. கே.கே.நகர் போய்ச் சேரும்போது 12.20. மொத்தம் ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல்.

இதே பயணியின் வீடு பல்லாவரத்தில் இருந்தால்? 8 மணிக்குக் கிளம்பினால் போதும். நான்கரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. இதனால்தான் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதிலைச் சொல்ல முடிவதில்லை. மெட்ரோவின் நீல வழித்தடம் விமான நிலையத்துக்குள்ளேயே வந்து நிற்பதால், அந்தத் தடத்தில் குடியிருப்பவர்களுக்குக் காலை நெரிசல் பயமும் இல்லை. மின்சார ரயிலில் வருபவர்களுக்குத் திரிசூலம் ஸ்டேஷன் எதிரிலேயே இருக்கிறது.

விலை சாதாரண நாளில், முன்பே போட்டால் 3,000 – 5,000 ரூபாய்க்குள் முடியும். பண்டிகை வாரத்தில் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். அதோடு இரண்டு பக்கமும் டாக்ஸி. ஒருவர் மட்டும் போனாலும் டாக்ஸிக்கு முழுப் பணம்தான், அதனால் தனியாகப் போகிறவருக்கு டிக்கெட்டின் மேல் இன்னும் ஓர் ஆயிரம் ரூபாய் ஏறிவிடுவது சகஜம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு மூட்டை. உள்ளூர் விமானத்தில் வழக்கமாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. போகும்போது பிரச்சினையில்லை. திரும்பும்போது அம்மா கட்டிக் கொடுக்கிற நல்லெண்ணெய், வடகம், அரிசி மாவு, ஒரு சாக்கு முருங்கைக்காய், இதையெல்லாம் எங்கே வைப்பது? மிளகாய் போட்ட ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் எதிலும் கூடாது, பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஏடிஆரில் தலைக்கு மேலிருக்கும் பெட்டி வைக்கும் இடமும் சின்னது. சக்கரம் வைத்த கைப்பெட்டி சில சமயம் அதில் நுழையாது.

ஒரு சந்தோஷம் உண்டு. ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், ஜெட் அளவுக்கு உயரத்திலும் பறக்காது. வானம் தெளிவாக இருந்தால் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கம் தீவாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அதற்காகவே ஒருமுறை ஜன்னல் சீட்டுக்குக் காசு கொடுக்கலாம்.

விமானம் சரியான தேர்வாவது எப்போது: தாம்பரம், குரோம்பேட்டை, ஆலந்தூர் பக்கம் வீடு, கையில் ஒரு பை, காலையில் போய் ஒரு மீட்டிங்கையோ முகூர்த்தத்தையோ முடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்ப வேண்டும். அல்லது வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி, அப்படியே மதுரைக்குப் போகிறீர்கள். இந்தக் கடைசி நிலையில் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

## பகல் ரயில்

எழும்பூரிலிருந்து நாகர்கோவில் போகும் வந்தே பாரத் காலை 5 மணிக்குக் கிளம்பி 10.40 வாக்கில் மதுரையில் விடுகிறது. திருநெல்வேலி வந்தே பாரத் பிற்பகல் 2.45 அளவில் கிளம்பி இரவு எட்டரைக்குள் மதுரை. தேஜஸ் காலை 6 மணிக்கு. மதுரைக்கு நண்பகல் தாண்டி. வைகை எக்ஸ்பிரஸ் பிற்பகலில் கிளம்பி இரவு ஒன்பது மணியைத் தாண்டித்தான் சேரும். வந்தே பாரத்தும் தேஜஸும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. நேரங்களும் அவ்வப்போது ஐந்து பத்து நிமிடம் மாறும். டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அதே பெரம்பூர் பயணியை 5 மணி வந்தே பாரத்தில் ஏற்றுவோம். 4.10-க்கு வீட்டை விட்டால், அந்த நேரத்தில் சாலை காலி, எழும்பூர் சுலபம். 10.40-க்கு மதுரை ஜங்ஷன், 11.05-க்குக் கே.கே.நகர். மொத்தம் ஏழு மணி நேரம். விமானத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்தான். அதற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது, டாக்ஸியும் சேர்த்து, மூவாயிரத்தைத் தொடும்.

வந்தே பாரத் ஏசி நாற்காலி மதுரைக்கு ஏறக்குறைய 1,200 – 1,400 ரூபாய். சாப்பாடு வேண்டாமென்றால் டிக்கெட் போடும்போதே விலக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் குறையும். இதிலிருக்கிற குறை, அதிகாலை வண்டிக்கு மெட்ரோவை நம்ப முடியாது. டாக்ஸியோ, வீட்டில் யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுவதோதான். மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதால் முந்தின இரவின் தூக்கமும் போகும். மதுரையில் இறங்கி, சாப்பிட்டு, ஒரு மணிக்குக் கட்டையைச் சாய்த்துவிட்டீர்கள் என்றால் சீக்கிரம் வந்து சேர்ந்ததற்கு அர்த்தமே இல்லை.

வைகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, மீட்டர் கேஜ் காலத்தில் தொடங்கிய வண்டி. மதுரைக்காரர்கள் இன்றும் "நம்ம வண்டி" என்பார்கள். இரண்டாம் வகுப்பு இருக்கை 200 ரூபாயை ஒட்டித்தான். மாணவர்களுக்கும், இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கும், பகலில் பயணம் செய்ய விரும்பும் பெரியவர்களுக்கும் இதை விட மலிவாக ஒரு கௌரவமான வழி இல்லை. ஆனால் பிற்பகல் முழுக்க ரயிலுக்கே போகும்.

## இரவு ரயில்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இரவு 9.40 வாக்கில் கிளம்பி, காலை ஐந்து மணிக்கு மேல் மதுரையில் விடுகிறது. கடிகாரப்படி பார்த்தால் ஏழரை மணி நேரம். வீட்டுக்கு வீடு ஒன்பதரை வரை போகும். பட்டியலில் மிக மெதுவான வழிகளில் இதுவும் ஒன்று. இருந்தாலும் நீங்கள் விழித்திருப்பது வீட்டிலிருந்து ஸ்டேஷன் போகும் நேரமும், டிடிஆர் வந்து போகும்வரை அரை மணியும், காலையில் ஆட்டோ பிடிக்கும் நேரமும்தான். இரண்டரை, மூன்று மணி நேரம். விமானத்துக்கே நான்கு ஐந்து ஆகிறது.

இதில் பலர் கவனிக்காத விஷயம், மதுரை வழியாகப் போகும் எல்லா இரவு ரயிலும் ஒன்றில்லை. கன்னியாகுமரி, நெல்லை, பொதிகை போன்றவை மதுரையைத் தாண்டிப் போகிற வண்டிகள். கடைசி ஊருக்கு விடிந்து சேர வேண்டும் என்று நேரம் வைத்திருப்பார்கள். அதனால் மதுரைக்கு நள்ளிரவு கழிந்தும், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கும் வரும். அலாரம் வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடந்து, "கொடைரோடு போயிருச்சா?" என்று பக்கத்து பெர்த்காரரை எழுப்பிக் கேட்டு, மூன்றரை மணிக்கு பிளாட்பாரத்தில் இறங்கி நிற்பதற்குப் பெயர் தூக்கம் இல்லை. பாண்டியன் மதுரையோடு நின்றுவிடும். ஊர் வந்தது தெரியாமல் தூங்கினாலும் யாராவது எழுப்பி இறக்கிவிடுவார்கள். பாண்டியனில் இடமில்லை என்றால் நான் பஸ்ஸைப் பார்ப்பேனே தவிர, மூன்று மணிக்கு இறக்கிவிடும் வண்டியில் ஏறமாட்டேன்.

ஸ்லீப்பர் 350 ரூபாயை ஒட்டி, மூன்றடுக்கு ஏசி 900-ஐ ஒட்டி. மூன்று பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்கு இந்த விலைக்கு ஈடே கிடையாது. மூட்டைக்கும் கவலையில்லை, முருங்கைக்காய் சாக்கு சீட்டுக்கு அடியில் போய்விடும்.

சிக்கல் டிக்கெட்டில்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பரிலிருந்து இப்படி. வெள்ளிக்கிழமை இரவு என்றால் திறந்த அன்றே காலியாகும், தீபாவளி பொங்கல் என்றால் நிமிடக் கணக்கு. தத்கால் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. இப்போது அதற்கு ஆதார் சரிபார்ப்பும் வேண்டும், அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இணைய டிக்கெட், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும். அப்போது மணி என்னவாக இருந்தாலும் வேறு வழி தேட வேண்டியது உங்கள் பாடு.

பெற்றோரை அனுப்புகிறீர்கள் என்றால் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் கீழ் பெர்த் கேட்டுப் போடுங்கள். கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி, ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து புறப்படும்படி மாற்றியதுண்டு. ஏறுமிடம் எது என்று டிக்கெட்டில் ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

## பஸ்

பஸ்ஸுக்கு ஒரே ஒரு பெரிய பலம்: எப்போதும் இருக்கும். இரவு பதினோரு மணிக்கு ஊரிலிருந்து ஒரு கேதம் என்று போன் வந்தால், காலை விமானத்துக்கும் வந்தே பாரத்துக்கும் காத்திருக்க முடியாது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஏதாவது ஒன்று கிளம்பிக்கொண்டிருக்கும். விடிந்ததும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்.

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு கணக்கு தலைகீழானது. கோயம்பேட்டில் ஏறிய காலத்தில் அண்ணா நகர், வில்லிவாக்கத்துக்காரருக்குப் பஸ்தான் பக்கம். இப்போது அவர் வண்டலூர் தாண்டி வர ஒன்றரை மணி நேரம். மாதவரத்திலிருந்தும் சில தென்மாவட்ட பஸ்கள் இருக்கின்றன; வட சென்னைக்காரர்கள் முதலில் அதைப் பார்க்கலாம். தாம்பரம், கூடுவாஞ்சேரிக்காரருக்கோ வாசலிலேயே பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

எட்டு, ஒன்பது மணி நேரம். அரசு விரைவுப் பஸ்ஸில் வகையைப் பொறுத்து 400-லிருந்து 700 வரை, தனியார் ஆம்னி ஸ்லீப்பர் சாதாரண நாளில் ஆயிரத்தை ஒட்டி. பண்டிகை முந்தின நாள் ஆம்னி விலை விமானத்தோடு போட்டி போடும். அப்போது அரசு சிறப்புப் பஸ்ஸே கதி. ஆம்னியில் டிக்கெட் போடும்போது 'போர்டிங் பாயின்ட்' பெயரை மட்டும் நம்பாமல் கிளம்பும் நேரத்தையும் பாருங்கள். முதல் இடத்தில் ஏறியவர் நகரத்தை விட்டு வெளியே வரவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நடுராத்திரியில் விக்கிரவாண்டி பக்கம் ஒரு மோட்டலில் லைட்டைப் போட்டு, "பத்து நிமிசம் நிக்கும்" என்று எழுப்பிவிடுவார்கள். அந்த டீயின் விலையும் அதன் ருசியும் ஊரறிந்தது.

## கார்

நான்கு பேர் என்றால் கார் கணக்கில் முந்தும். 460 கி.மீ.க்கு லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் 31 லிட்டர் போகும். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 3,100. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று தொடங்கிச் சிட்டம்பட்டி வரை ஏழெட்டு சுங்கச்சாவடிகள். அடிக்கடி போகிறவர் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் நல்ல பேரம்: தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலோ அது. ஒரு சாவடிக்கு 15 ரூபாய் அளவில் விழுகிறது. ஒரு வழிப் பயணத்துக்கு 120-ஐ ஒட்டி முடியும். சொந்தக் காருக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும்.

ஆக, பாஸ் இருந்தால் நான்கு பேருக்கு 3,200 ரூபாய். வந்தே பாரத்தில் 5,000-க்கு மேல், விமானத்தில் டாக்ஸியோடு சேர்த்து 15,000-ஐத் தாண்டும். போன இடத்தில் மேலூர், அழகர்கோவில், திருப்பரங்குன்றம் என்று சுற்றவும் வண்டி கையில் இருக்கும்.

செலவு ஓட்டுபவரின் உடம்பில் எழுதப்படுகிறது. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரையான நெரிசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் போகும் நாட்கள் உண்டு. பொங்கலுக்கு முந்தின இரவு பரனூரில் நின்றவர்களைக் கேளுங்கள். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிவிட்டால் ஒத்தக்கடையில் யானைமலை கண்ணில் படும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். இரவு முழுக்க ஒருவரே ஓட்டிக்கொண்டு போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டாவது ஆள் ஓட்டத் தெரிந்தவராக இல்லையென்றால் பகலில் போங்கள். வழியில் திருச்சியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வீட்டுக்கு வீடு | விழித்திருக்கும் நேரம் | ஒருவருக்கு, ஒரு வழி | எப்போது |
|---|---|---|---|---|
| விமானம் | 4 – 5½ மணி | முழுவதும் | 4,000 – 6,000, டாக்ஸி உட்பட | தென் சென்னை வீடு, அன்றே திரும்புவது |
| வந்தே பாரத் / தேஜஸ் | 6 – 8 மணி | முழுவதும் | 1,000 – 1,400 + ஆட்டோ | இரவு ரயில் கிடைக்காதபோது |
| வைகை | 8½ – 9½ மணி | முழுவதும் | 200-லிருந்து | காசு குறைவு, பிற்பகல் வேலை இல்லாதபோது |
| பாண்டியன் | 9 – 9½ மணி | 2½ – 3 மணி | 350 / 900 | தனி ஆள், குடும்பம், மூட்டை |
| பஸ் | 9 – 11 மணி | 3 – 5 மணி | 400 – 1,200 | திடீர்ப் பயணம் |
| கார் | 8 – 9½ மணி | முழுவதும் | நான்கு பேருக்கு 3,200 | குழந்தைகள், ஊர் சுற்றல் |

ரூபாய்க் கணக்கெல்லாம் சாதாரண வார நாளுக்கு, தோராயமாக.

## மதுரையில் எங்கே இறங்க வேண்டும்

சென்னை வீட்டைப் பற்றி யோசித்த அளவுக்கு இந்தப் பக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. மதுரை என்று சொன்னாலும் பலருக்குப் போக வேண்டிய ஊர் இன்னும் முப்பது நாற்பது கி.மீ. தள்ளி இருக்கும்.

அருப்புக்கோட்டை, காரியாபட்டிப் பக்கம் என்றால் விமான நிலையம் வசதியான திசையில் இருக்கிறது. ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். மேலூர், ஒத்தக்கடைக்காரர் சென்னை பஸ்ஸில் வந்தால் மாட்டுத்தாவணிக்கு முன்பே இறங்கிவிடலாம். அவருக்கு ரயிலும் விமானமும் ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற கதை. தேனி, உசிலம்பட்டிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்; ரயிலில் ஜங்ஷனில் இறங்கினால் பக்கம், மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி வீடோ லாட்ஜோ என்றால் ஜங்ஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். சோழவந்தான், வாடிப்பட்டிக்காரர்கள் தங்கள் ஊரில் அல்லது கொடைரோட்டில் எந்த வண்டி நிற்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயிலில் இன்னும் 150 கி.மீ.க்கு மேல் கூடும். விமானத்திலோ கால் மணி நேரம்தான் அதிகம். அங்கே விமானத்தின் கை ஓங்கிவிடும்.

## திரும்பும் பயணம் வேறு கணக்கு

போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெள்ளி இரவு போகும்போது அவசரமில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குச் சேர்ந்தாலும் எட்டு மணிக்குச் சேர்ந்தாலும் அம்மா இட்லி வைத்திருப்பார். திங்கள் காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டியவருக்கு ஞாயிறு இரவுதான் சிக்கல்.

பாண்டியன் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் மதுரையில் கிளம்பி விடியற்காலை எழும்பூர் சேரும். குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். எல்லோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். மாலை வந்தே பாரத் மதுரையில் ஆறு மணி வாக்கில் ஏறினால் எழும்பூருக்கு 11 மணி. அந்நேரத்துக்கு மெட்ரோ கிடைப்பது சந்தேகம். தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளும் ஆட்களுக்கு மட்டும் இது பொருந்தும். பஸ்ஸில் வந்தால் பெருங்களத்தூரில் திங்கள் காலை நெரிசலில் மாட்டாமல் வருவது அதிர்ஷ்டம். விமானத்துக்குச் செலவழிப்பதென்றால் நான் அதை ஞாயிறு மாலைக்குத்தான் ஒதுக்குவேன், போவதற்குச் செலவழிக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை டிக்கெட் முன்பதிவு திறக்கும் நாளில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஞாயிறு டிக்கெட் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் திறக்கும். அந்தக் காலை 8 மணிக்கு அலாரம் வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் அன்றே ஞாயிறு மாலை விமான விலையைப் பார்த்து எடுத்துவிடுங்கள்; நாள் நெருங்க நெருங்க அது பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். வெள்ளிக்கு டிக்கெட் இல்லாமல் போனால் பரவாயில்லை, கிளாம்பாக்கம் இருக்கிறது.